அடுத்த கழகத்தில் கோச்சைக் கலைத்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிற ஆள் நான். முதற்பக்கத்தில் என்ன கவிழ்ந்தாலும் அது எனக்குப் பிறகுதான். அந்த உரிமையில் ஒரு குறை சொல்ல வந்திருக்கிறேன். இங்கிலாந்து பிரிமியர் லீக் உதைபந்தாட்டத்தில் ஒரு கழகம் தன் பயிற்றுவிப்பாளரைக் கலைத்துவிட்டால், அதாவது வேலையைவிட்டு நீக்கிவிட்டால், அடுத்த நாளே 'அடுத்தது யார்?' என்று தலைப்புப் போட்டு நான்கைந்து பேரின் படங்களைத் தேர்தல் வேட்பாளர்கள் மாதிரி வரிசையாக அடுக்கிவிடுகிறீர்கள். அந்த வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர்கள் இல்லை. இன்னொரு கழகத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள். அங்கேயும் அவரை நம்பி ஒரு சனம் இருக்கிறது, அந்தப் படத்தைப் பார்த்த இரவு அவர்களுக்குச் சோறு இறங்காது. எழுதுகிற தம்பிமார் இதை ஒருநாளாவது யோசித்தார்களோ தெரியாது.

நான் பிரென்ட்போர்ட் ஆதரவாளன். சிரிக்க வேண்டாம். திருகோணமலையில் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு ஒரு பட்டாளமே இருக்கிறது, லிவர்பூல், ஆர்சனல், செல்சி என்று எல்லோருக்கும் ஆள் இருக்கிறது, ஓட்டோக்களின் பின்கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும். பிரென்ட்போர்ட்டுக்கு என்னைத் தவிர யாராவது இருந்தால் தயவுசெய்து ஒரு கடிதம் போடவும். என் பெறாமகன் ஒருவன் லண்டனில் ஹவுன்ஸ்லோ பக்கம் இருக்கிறான். எங்கள் சனம் நிறைய இருக்கிற இடம் அது, பிரென்ட்போர்ட்டும் அந்த மாநகரப் பிரிவுக்குள்தான் வருகிறது. பெரிய கழகங்களின் மட்ச் பார்க்க டிக்கெட் எடுப்பதென்றால் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டும் என்பதால் அவன் கிட்டக் கிடந்த கழகத்தைப் பிடித்துக்கொண்டான், பிறகு சித்தப்பாவையும் அதற்குள் இழுத்துவிட்டான். நான்கு மூலையிலும் நான்கு மதுக்கடை இருந்த கிரிபின் பார்க் என்ற பழைய மைதானத்தை விட்டு 2020 இல் புது மைதானத்துக்குப் போனார்கள், அதிலும் 17,000 சொச்சம் பேர்தான் இருக்கலாம். அவ்வளவு சின்னக் கழகம்.

சின்னக் கழகத்தின் ஆதரவாளனுக்கு வருகிற பயம் வேறு மாதிரி. யுனைட்டெட் ஆதரவாளர்கள் பயப்படுவது தங்கள் கோச் அடுத்த கிழமையும் இருந்துவிடுவாரோ என்று. நாங்கள் பயப்படுவது யாரோ ஒருவருடைய கோச் அடுத்த கிழமை இல்லாமல் போய்விடுவாரோ என்று. சனிக்கிழமை இரவு, குளிர்காலத்துக்கு இங்கிலாந்தில் மணிக்கூட்டைப் பின்னால் தள்ளிவிட்டால் எங்களுக்கு 8.30 க்குத்தான் மட்ச் தொடங்கும், எங்கள் ஸ்கோரைப் பார்த்துவிட்டு அடுத்ததாக நான் பார்ப்பது எந்தப் பெரிய கழகம் தோற்றது என்பதைத்தான். அவர்கள் மூன்று மட்ச் தொடர்ந்து தோற்றால் எனக்கு வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிடும்.

இது வீண் பயம் இல்லை, இரண்டு தரம் அனுபவித்துவிட்டோம். 2018 ஒக்டோபரில் பெர்மிங்ஹாமில் உள்ள அஸ்டன் வில்லா கழகம் தன் சொந்த மைதானத்தில் பிரெஸ்டனுடன் 3-3 என்று இழுபட்ட இரவில், யாரோ ஒரு ரசிகர் கோச் ஸ்டீவ் புரூஸை நோக்கி ஒரு முழுக் கோவாவை (முட்டைக்கோஸை) எறிந்தார். உண்மையான கோவா. உதைபந்தாட்டம் பார்க்கப் போகிறவன் வீட்டிலிருந்து கோவா கொண்டு போகிறான் என்றால் எவ்வளவு முன்யோசனையோடு போயிருப்பான் பாருங்கள். அடுத்த நாள் புரூஸைக் கலைத்தார்கள். அந்த இடத்துக்கு எங்கிருந்து ஆள் எடுத்தார்கள்? பிரென்ட்போர்ட்டிலிருந்து, டீன் ஸ்மித்தை. பெர்மிங்ஹாமில் எறிந்த கோவா மேற்கு லண்டனில் வந்து விழுந்தது. அந்தக் காலத்தில் நான் பிரென்ட்போர்ட் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை, பெறாமகன்தான் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவான்.

ஸ்மித் போன பிறகு உதவியாளராக இருந்த தோமஸ் பிராங்கைத் தலைமைக்கு ஏற்றினார்கள். டென்மார்க்காரர். அவருடைய முதல் 10 மட்சில் 8 தோல்வி. ஐயா, பத்தில் எட்டு! இங்கே ஏகாம்பரம் மைதானத்தில் யாராவது அப்படித் தோற்றால் வீட்டுக்குப் போகிற வழியை மாற்றித்தான் போக வேண்டும். ஆனால் கழகத்தின் உரிமையாளர் மத்தியூ பென்ஹம் அசையவில்லை. அந்த மனுஷன் சின்ன வயதிலிருந்து பிரென்ட்போர்ட் ரசிகர், பந்தயக் கணக்கில் காசு சம்பாதித்து 2012 இல் கழகத்தையே வாங்கினவர். ஸ்கோரை மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை நல்ல வாய்ப்பு உருவாக்கினோம், எத்தனை வாய்ப்பு எதிரிக்குக் கொடுத்தோம் என்று எண்ணிப் பார்க்கிறவர். தோற்கிற அணி கெட்ட அணி என்று அவர் உடனே முடிவு கட்டவில்லை. 2020 இல் பிரிமியர் லீக்குக்கு ஏறுவதற்கான இறுதிப் போட்டியில் புல்ஹாமிடம் 2-1 என்று தோற்றார்கள், அதுவும் மேலதிக நேரத்தில், அதுவும் இடது பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் ஏறக்குறைய 40 யார் தூரத்திலிருந்து அடித்த ப்ரீ கிக் எங்கள் கோல் காப்பாளரை ஏமாற்றிப் போனதால். அப்போதும் கலைக்கவில்லை. 2021 மே 29 ஆம் திகதி ஸ்வொன்சியை 2-0 என்று வென்று ஏறினார்கள். 74 வருடங்களுக்குப் பிறகு முதற்பிரிவு.

அந்த ஒகஸ்டில் முதல் மட்ச் ஆர்சனலுடன். எங்கள் நேரம் நள்ளிரவு கழிந்து 12.30. கொரோனா காலம், வெளியே போகவும் முடியாது, வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள், சத்தம் போடாமல் கொண்டாடுவது எவ்வளவு கஷ்டமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 2-0. அந்தத் தோல்விக்குப் பிறகு ஆர்சனல் செல்சியிடம் தோற்றது, மன்செஸ்டர் சிற்றியிடம் 5-0 என்று நொறுங்கியது, மூன்று மட்ச் முடிய அட்டவணையின் அடியில் கிடந்தது. கோச் மிக்கல் ஆர்டெட்டாவைக் கலை, கலை என்று உலகம் முழுக்கச் சத்தம். திருகோணமலையிலும்தான். கலைக்கவில்லை. அதற்குப் பிறகு 2023, 2024, 2025 என்று மூன்று வருடமும் ஆர்சனல் இரண்டாம் இடம். அந்த வருடங்களில் கிண்ணம் வரவில்லையே என்று ஆர்சனல் ஆட்கள் பல்லைக் கடித்தார்கள், அது வேறு கதை, ஆனால் அன்றைக்குக் கலைத்திருந்தால் அந்த இரண்டாம் இடமும் வந்திருக்குமா என்று அவர்களையே கேளுங்கள். யுனைட்டெட்டின் பழைய கோச் பெர்கசன் கதையை நான் சொல்லப்போவதில்லை. பொறுமை என்று யார் வாயைத் திறந்தாலும் 1986 இல் வந்தார், 1990 இல்தான் முதல் கிண்ணம் என்று அதையே சொல்கிறார்கள், கேட்டுக் காது புளித்துவிட்டது.

பிராங் ஏழு பருவகாலம் இருந்தார். கடைசிப் பருவகாலத்தில் பத்தாம் இடம். அப்புறம் வந்தது 2025 ஜூன். டொட்டன்ஹாம் கழகம் அஞ்சே பொஸ்டகொக்லுவைக் கலைத்தது. இந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். 2008 க்குப் பிறகு ஒரு கிண்ணத்தையும் கண்ணால் காணாத கழகம் அது. அவர் பில்பாவோவில் யுனைட்டெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். பதினாறு நாளில் கலைத்துவிட்டார்கள். லீக்கில் 17 ஆம் இடத்துக்குப் போனது உண்மைதான், அதை மறைக்கவில்லை. அவரைக் கலைத்துவிட்டு யாரைக் கூப்பிட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பெறாமகன் வட்ஸ்அப்பில் ஒரு சொல்லும் எழுதவில்லை, பிராங்கின் படம் ஒன்றை மட்டும் அனுப்பினான், செத்தவீட்டு அறிவித்தல் மாதிரிக் கறுப்புக் கரை போட்டு.

சரி, கோச் போனால் கோச்சோடு முடியுமா? பிரையன் எம்பூமோ யுனைட்டெட்டுக்குப் போனார், விஸ்ஸா நியூகாசிலுக்கு, தலைவர் நோர்கார்ட் ஆர்சனலுக்கு. ஒரு கோடைகாலத்துக்குள் கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் கழன்றது. இதில் இன்னொரு வேடிக்கை. கோர்னர் உதை, ப்ரீ கிக் இவற்றைப் பழக்குவதற்கென்று பிரென்ட்போர்ட்டில் தனியாக ஒரு பயிற்றுவிப்பாளர் இருப்பார். நிக்கொலா ஜோவர் இருந்தார், 2019 இல் சிற்றி கொண்டுபோனது, பிறகு 2021 இல் ஆர்சனலுக்குப் போனார், ஆர்சனல் கோர்னரில் கோல் அடிக்கும்போதெல்லாம் கமரா அவரைத்தான் காட்டும். பிறகு பெர்னார்டோ குவேவா வந்தார், 2024 இல் செல்சி கொண்டுபோனது. அவருக்குப் பிறகு வந்தவர் அயர்லாந்துக்காரர் கீத் அன்ட்ரூஸ். இவரையாவது விட்டுவைப்பார்கள் என்று பார்த்தால், எங்கள் கழகமே அவரைப் பிடித்துத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக ஆக்கிவிட்டது. அதற்கு முன் ஒரு கழகத்தையும் நடத்தாதவர். பிரென்ட்போர்ட் அந்தப் பருவகாலம் கீழே இறங்கும் என்று இங்கிலாந்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் சொன்னார்கள். முதல் மட்சில் நொட்டிங்ஹாம் பொரஸ்டிடம் 3-1 என்று தோற்றபோது நானும் தலையில் கைவைத்தேன்.

பொரஸ்ட் என்று சொன்னதும் அதையும் சொல்லிவிட வேண்டும். எங்களை வென்ற அந்த மட்சில் பொரஸ்டின் கோச் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ. முந்தைய வருடம் கழகத்தை ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்து, முப்பது வருடத்துக்குப் பிறகு ஐரோப்பியப் போட்டிக்குள் நுழைத்தவர். உரிமையாளர் மரினாகிஸுடன் முறுகல் என்று 2025 செப்டெம்பரில் கலைத்தார்கள். அந்த இடத்துக்கு யார்? டொட்டன்ஹாம் கலைத்த அதே பொஸ்டகொக்லு. 39 நாள், 8 மட்ச், ஒரு வெற்றியும் இல்லை, கடைசி மட்ச் முடிந்து நிமிடக்கணக்கில் அவரையும் கலைத்தாயிற்று. அதற்கிடையில் வெஸ்ட்ஹாம் கழகம் கிரஹாம் பொட்டரைக் கலைத்த நாளிலேயே நூனோவைக் கூட்டிவந்தது. இந்தப் பொட்டரும் ஒரு காலத்தில் பிரைட்டன் ஆட்களின் செல்லப்பிள்ளை, 2022 இல் செல்சி நஷ்டஈடாக மட்டும் 20 மில்லியன் பவுண்ஸுக்கு மேல் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய், ஏழு மாதத்துக்குள் வீசி எறிந்தது. பிறகு நவம்பரில் வூல்வ்ஸ். செப்டெம்பரில்தான் விட்டோர் பெரேராவுக்கு மூன்று வருடப் புது ஒப்பந்தம் கொடுத்தார்கள், நவம்பர் 2 ஆம் திகதி கலைத்தார்கள். லீக்கில் பத்து மட்சில் ஒன்றும் வெல்லவில்லை, அதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்க ரொப் எட்வர்ட்ஸை எடுத்தார்களே, அவர் இரண்டாம் பிரிவில் மிடில்ஸ்பரோவை இரண்டாம் இடத்தில் வைத்திருந்தவர். மிடில்ஸ்பரோ சனம் என்ன பாவம் செய்தது? அவர்கள் தோற்றுத் தோற்றுக் குழம்பவில்லை, ஒரு கோவாவும் எறியவில்லை.

போர்த்துக்கல்லைப் பாருங்கள். 2024 ஒக்டோபரில் யுனைட்டெட் எரிக் டென் ஹாக்கைக் கலைத்துவிட்டு ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து ரூபன் அமோரிமை எடுத்தது. ஸ்போர்ட்டிங் அவ்வேளை லீக்கில் ஆடிய எல்லா மட்சும் வென்று நின்றது. அவர் போனதும் தங்கள் இரண்டாம் அணியின் கோச்சை ஏற்றினார்கள், சறுக்கியது, நத்தார் கழிய அவரையும் கலைத்துவிட்டு விட்டோரியா கிமரேஸ் கழகத்தின் ரூயி போர்ஜஸை எடுத்தார்கள். விட்டோரியா அடுத்தவரைத் தேடப் போனது. யுனைட்டெட்டின் ஓல்ட் ட்ரபோர்ட்டில் எடுத்த ஒரு முடிவு எங்கேயோ கிமரேஸ் என்ற ஊரில் ஒரு ரசிகனின் நத்தாரைக் கெடுத்தது. யுனைட்டெட் அந்த வருடம் 15 ஆம் இடம். ஸ்போர்ட்டிங் எப்படியோ சம்பியன் ஆனது, நல்லாயிருக்கட்டும்.

இதையெல்லாம் சொன்னால் என் நண்பர் ஒருவர் ஒத்துக்கொள்ள மாட்டார். உவர்மலையில் மின்விசிறி, கிறைண்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறார், செல்சிக்காரர். அவருடைய வாதத்தையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. "மச்சான், கலைச்சுப்போட்டுத்தானே எங்கட ஆக்கள் ரெண்டு தரமும் சம்பியன்ஸ் லீக் அடிச்சவங்கள்" என்பார். பொய்யில்லை. 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸைக் கலைத்து டி மத்தேயோவை வைத்தார்கள், மே மாதம் கிண்ணம். 2021 ஜனவரியில் லம்பார்டைக் கலைத்து டூகலை எடுத்தார்கள், மே மாதம் கிண்ணம், அதுவும் நாங்கள் ஸ்வொன்சியை வென்ற அதே நாளில். நான் என்ன சொல்வேன் என்றால், அந்த டி மத்தேயோவை அதே வருடம் நவம்பரிலும், டூகலை அடுத்த வருடம் செப்டெம்பரிலும் கலைத்தார்களே, அது எந்தக் கிண்ணத்துக்காக? அதற்கு அவர் திருத்துகிற கிறைண்டரைச் சுழலவிட்டுச் சத்தம் கூட்டிவிடுவார்.

கோச்சை மாற்றினால் அணி எழும்புகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம், மறுக்க முடியாது. ஆனால் நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் என்பவர் அந்த நாட்டு முதற்பிரிவில் 1986 முதல் 2004 வரையான கணக்குகளை எடுத்து ஒரு வேலை செய்தார். கோச்சைக் கலைத்த அணிகளை மட்டும் பார்க்கவில்லை. அதே மாதிரிச் சறுக்கிக்கொண்டிருந்தும் கோச்சைக் கலைக்காத அணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கலைத்த அணியும் எழும்பியது, கலைக்காத அணியும் ஏறக்குறைய அதே அளவு எழும்பியது. அதாவது, அடிவாங்கி அடிவாங்கி ஆகக் கீழே போன நேரத்தில்தான் கலைக்கிறார்கள், அதற்குக் கீழே போக இடமில்லாததால் அடுத்தது ஏற்றம்தான், வருகிறவர் அந்தப் பெயரை வாங்கிக்கொள்கிறார். எல்லாக் கலைப்பும் பிழை என்று நான் சொல்லவில்லை. உடைமாற்றும் அறையில் ஒரு ஆட்டக்காரனும் முகம் பார்த்துப் பேசாத கோச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் பத்துக்கு எட்டுத் தரம், ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கினவர்களும், கேட்டதை வாங்கிக் கொடுக்காதவர்களும் தங்கள் தலையைக் காப்பாற்றத்தான் கோச்சின் தலையைக் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். பிரைட்டன் பொட்டரை இழந்தும் டி செர்பியைக் கொண்டுவந்து ஆறாம் இடம் போனதே என்று கேட்பீர்கள். அது மேலே இருப்பவர்கள் முன்கூட்டி யோசித்து ஆள் பார்த்து வைத்திருந்த கெட்டித்தனம். எல்லா ஊரிலும் அது இல்லை.

எங்கள் ஊரில் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

எங்கள் கழகத்தின் பெயர் வேண்டாம், இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். எங்களுக்கு ஒரு கோச் இருந்தார். பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர், எல்லோருக்கும் மாஸ்டர். கழகத்திலிருந்து அவருக்குச் சம்பளம் என்று ஒரு சதமும் கிடையாது, சைக்கிளில் வருவார், பின் கரியரில் பந்துப் பையைக் கட்டியிருப்பார். அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே நான்கு கட்டம்: வந்த நேரம், பூட்ஸ் இருக்கிறதா, காயம், சாப்பாடு. நான்காவது கட்டத்தில் சரி போடாத பிள்ளைக்குப் பயிற்சி தொடங்கமுன் பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விசில் ஊதுவார். திருக்கடலூர்ப் பக்கத்துப் பெடியன்கள் சிலர் விடியற்காலை கரைவலை இழுத்துவிட்டுப் பள்ளிக்கூடமும் போய்விட்டுப் பின்னேரம் வருவார்கள், அவர்களை முதல் அரைமணித்தியாலம் ஓடவிட மாட்டார், வரிசையில் நின்று பந்தை வாங்கிக் கொடுக்கத்தான் சொல்வார். பூட்ஸ் இல்லாத இரண்டு பேர் ஒரு சோடியைப் பிரித்து, வலதுகாலால் அடிப்பவன் வலதையும் இடதுகாலால் அடிப்பவன் இடதையும் போட்டுக்கொண்டு ஆடியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஏற்பாடும் மாஸ்டருடையதுதான். இருட்டுப்படுகிற நேரம் கோட்டைப் பக்கத்து மான்கள் மேய்ந்துகொண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டால் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம், அவற்றைத் துரத்த விடமாட்டார்.

ஒரு ஞாபகார்த்தக் கிண்ணச் சுற்றுப்போட்டியில் அரையிறுதியில் பெனால்டியில் தோற்றோம். அவ்வளவுதான். அந்தக் கிழமையே நிர்வாகக் கூட்டம். ஜேர்சிக்குக் காசு அனுப்புகிற ஒருவர் வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார், செயலாளர் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். "உவரை மாத்துங்கோ, இல்லாட்டி நான் இனிக் காசு அனுப்பேலாது." அந்த மட்சை அவர் பார்க்கவில்லை, யாரோ போனில் எடுத்து அனுப்பிய பெனால்டியை மட்டும் பார்த்திருக்கிறார். நானும் இன்னும் இரண்டு பேரும் எழும்பிக் கதைத்துப் பார்த்தோம், எடுபடவில்லை. மாஸ்டரை நீக்குகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை, 'சற்று ஓய்வு கொடுப்பது' என்று கூட்டக்குறிப்பில் எழுதினார்கள். புதிதாக வந்தவருக்கு மாதாமாதம் காசு கொடுத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கட்டாருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். யார்தான் போகமாட்டார்? மாஸ்டரிடம் திரும்பப் போய்க் கேட்டபோது அவர் வரச் சம்மதித்தார், கோபம் வைத்திருக்கவில்லை. அதற்குள் ஆசிரியர் இடமாற்றப் பட்டியலில் அவருடைய பெயர் வந்துவிட்டது. தூர வலயம். சனி, ஞாயிறில் வருகிறேன் என்றார், பஸ் நேரம் ஒத்துவரவில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட பெடியன்களில் பாதிப் பேர் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. சிலர் கிரிக்கெட்டுக்குப் போனார்கள், சிலர் கடலுக்கு.

பெரிய கழகங்களில் கோச்சைக் கலைத்தால் ஒப்பந்தத்தில் மிச்சம் உள்ள காசையாவது கொடுத்து அனுப்புகிறார்கள். மாஸ்டருக்கு ஒரு சால்வைகூடப் போடவில்லை.

இலங்கைத் தேசிய அணியிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995 இல் கொழும்பில் இந்தியாவை இறுதிப் போட்டியில் 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது. 2018 இலிருந்து பக்கீர் அலி, அமீர் அலாஜிக், அண்டி மொரிசன், அப்துல்லா அல் முட்டைரி என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் ஒரு முறை சொல்லிக் கொடுப்பார், அது காலுக்குப் பழகமுன் அடுத்தவர் வேறு முறையோடு வருவார். இடையில் 2023 இல் சம்மேளனத்துக்குள் நடந்த இழுபறியால் பீபா எங்களைத் தடையும் செய்தது. மேலே நாற்காலிச் சண்டை பிடித்தவர்களை யாரும் கலைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி என் இன்றைய கவலைக்கு வருகிறேன். கீத் அன்ட்ரூஸ் நன்றாகத் தொடங்கினார். 2025 செப்டெம்பரில் யுனைட்டெட்டை 3-1, ஒக்டோபரில் அப்போது சம்பியனாக இருந்த லிவர்பூலை 3-2, நவம்பரில் நியூகாசிலை 3-1. லிவர்பூலுக்கு அடித்த முதல் கோலைப் பார்த்தீர்களா? கயோடே என்ற பெடியன் கோட்டுக்கு வெளியே நின்று பந்தைக் கையால் எறிகிறான், அது கோர்னர் உதை மாதிரிப் பெனால்டிப் பெட்டிக்குள் போய் விழுகிறது, ஐந்தாம் நிமிடம் கோல். நேர்த்தி இல்லை, அழகில்லை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்குச் சந்தோஷத்தில் பிளேன்டீ கொட்டிவிட்டது. உடனே அடுத்த நினைப்பு: ஐயோ, இதைப் பெரிய கழகங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கும். பெறாமகனிடம் சொன்னேன், "தம்பி, ரெண்டு மட்ச் தோத்தா நல்லம் போல கிடக்கு." "சித்தப்பா, விசர்க்கதை கதையாதேங்கோ" என்றான். அவன் சொல்வதும் சரிதான். நன்றாக ஆடினால் கொண்டுபோய்விடுவார்கள், மோசமாக ஆடினால் நாங்களே கலைக்கச் சொல்லிவிடுவோம், நடுவில் நின்றால் சலிப்பாக இருக்கிறது என்று சொல்வோம். சின்னக் கழகத்துக் கோச் எந்தப் பக்கம்தான் நிற்பது?

ஆகவே ஆசிரியர் அவர்களே, இரண்டு கேள்விகளை உங்கள் விளையாட்டுப் பக்கத்துத் தம்பிமாரிடம் கொடுங்கள். யாரையாவது கலைத்த செய்தி போடும்போது, அந்தக் கோச்சை அமர்த்தியது யார், அந்த வருடம் ஆட்டக்காரர்களை வாங்கியது யார் என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். புதியவரை எந்தக் கழகத்திலிருந்து எடுத்தார்கள் என்று எழுதும்போது, அந்தக் கழகம் இப்போது என்ன செய்யப்போகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வாசிக்க ஆள் உண்டு, நான் உத்தரவாதம்.

மற்றது எங்கள் ஊர் விஷயம். திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சுற்றுப்போட்டி முடிவுகளை நீங்கள் போடுவது பெரிய உதவி, கோல் அடித்தவனின் பெயர் வந்த பத்திரிகைத் துண்டைத் தாய்மார் வெட்டி வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதில் இரண்டு அணியின் பயிற்றுவிப்பாளர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பிரதம விருந்தினர், கௌரவ விருந்தினர், விசேட விருந்தினர் என்று அரைப்பத்தி போகிற இடத்தில் இரண்டு பெயருக்கு இடம் இருக்கும். முடிவை அனுப்புகிற கழகங்கள் அதை எழுதி அனுப்பாது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். போனில் பிடிக்க முடியாவிட்டால் உங்கள் நிருபரைப் பின்னேரம் 4.30 க்குப் பிறகு ஏகாம்பரம் மைதானத்துக்கோ மெக்கெய்சர் மைதானத்துக்கோ அனுப்புங்கள். மழை இல்லாவிட்டால் விசில் சத்தம் கேட்கிற பக்கம் போனால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பிரென்ட்போர்ட் ஆதரவாளன்,
திருகோணமலை.